மூன்று கோடுகளும் ஒரு ஸர்வகலாசாலையும்

விஞ்ஞானத்துக்குத் தேசம் கிடையாது என்று கற்றறிந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாஸ்தவமே. வார்ஸாவில் கண்ட உண்மை பெர்லினிலும் உண்மை, கலிபோர்னியாவிலும் உண்மை. ஆனால் விஞ்ஞானிக்கு ஒரு மேஜை வேண்டும். மேஜை போட ஓர் அறை வேண்டும். அறைக்குக் கூரையும், கூரையின்மேல் குண்டு விழாத ஆகாயமும் வேண்டும். இவை யாவும் ஏதாவது ஒரு தேசத்தில்தானே இருந்தாக வேண்டும்? ஒளிவிடும் மூலக்கூறுகளின் இயல்பை ஆராய்ந்த போலிஷ் அறிஞர் அலெக்ஸாண்டர் யப்லோன்ஸ்கியின் வரலாற்றைப் படிப்பவர்கள், முதல் உண்மையோடு இந்த இரண்டாவது உண்மையையும் சேர்த்தே நினைப்பார்கள்.

அவர் 1898-ல் உக்ரேனில், ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் பிறந்தார். அப்போது போலந்து என்ற தேசம் பூகோள படத்திலேயே இல்லை. ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதைக் கூறுபோட்டு, 1795-ல் அடியோடு பங்கிட்டுக் கொண்டுவிட்டன. 123 வருஷங்கள் கழித்து, 1918-ல் அந்தத் தேசம் மீண்டும் உயிர்பெற்றது. கார்க்கோவில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் யப்லோன்ஸ்கி உடனே வார்ஸாவுக்குப் புறப்பட்டார். சுதந்திர போலந்தின் ராணுவத்திலும் சேவை செய்தார். அதன் ஸர்வகலாசாலையிலும் மாணவரானார். 1921 முதல் 1926 வரையில் வார்ஸா ஸங்கீத நாடக அரங்கில் பிடில் வாசித்தார் என்பதை அறிந்தால் நேயர்கள் வியப்படைவார்கள். பௌதிகமா, ஸங்கீதமா என்ற தராசு சில காலம் ஆடிக்கொண்டிருந்து, கடைசியில் பௌதிகத்தின் பக்கம் தாழ்ந்தது. ஸங்கீதத்துக்கு நேர்ந்த நஷ்டம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. விஞ்ஞானத்துக்குக் கிடைத்த லாபம் தெரியும்.

1930-ல் டாக்டர் பட்டம் பெற்றுப் பெர்லினில் பிரிங்ஸ்ஹைம் என்பவரிடமும், ஹாம்பர்க்கில் ஓட்டோ ஸ்டெர்னிடமும் வேலை செய்தார். அவ்விருவரும் யூத வம்சத்தினர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-ல் இருவரும் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. தேசமற்ற விஞ்ஞானத்தை ஜெர்மன் சர்க்கார் எப்படிக் கௌரவித்தது, பாருங்கள்!

அதே 1933-ல்தான் ‘நேச்சர்’ என்ற லண்டன் பத்திரிகையில் யப்லோன்ஸ்கியின் சிறு கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதில் அவர் வரைந்த படம் இன்று உலகமெங்கும் ரஸாயன மாணவர்களின் பாடப் புஸ்தகங்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. படத்தின் சாரம் மூன்று படுக்கைக் கோடுகள். சாயப் பொருளின் மூலக்கூறு ஒளியை விழுங்கும்போது, அதன் எலெக்ட்ரான் ஒன்று கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்குத் தாவுகிறது. பெரும்பாலும் கண்ணிமைப்பதற்குள் ஒளியைக் கக்கிவிட்டுத் திரும்பி விழுகிறது. ஆனால் சில பொருள்கள், விளக்கை அணைத்த பிறகும் சிறிது நேரம் மினுமினுத்துக் கொண்டிருக்கின்றனவே, அது ஏன்? மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே இன்னொரு கோடு இருக்கிறது என்றார் யப்லோன்ஸ்கி. இறங்கி வரும் எலெக்ட்ரான் வழியிலுள்ள சத்திரத்தில் தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சத்திரத்தை விட்டுப் போக இரண்டு வழிகள் உண்டு. சுற்றிலும் உஷ்ணம் இருந்தால், அந்த உஷ்ணமே எலெக்ட்ரானை மறுபடி மேல்கோட்டுக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து அது வழக்கமான நிறத்தில் ஒளிவிட்டு விழும். கடுங்குளிரில் அந்த உதவி கிடையாது. நேரே கீழே விழ வேண்டியதுதான். அப்போது ஒளியின் நிறம் சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கும்.

நடுக்கோடு இருப்பதைச் சொல்லியாயிற்று. அது என்ன? எலெக்ட்ரான் அங்கே ஏன் தயங்கி நிற்கிறது? க்வாண்டம் சாஸ்திரம்தான் இதற்கு விடை சொல்லவேண்டும். அந்த விடையைத் தேட யப்லோன்ஸ்கிக்கு அமைதியான காலம் எங்கே கிடைத்தது? 1938-ல் அவர் வில்னோ நகரத்து ஸர்வகலாசாலைக்குப் போனார். மறு வருஷமே யுத்தம் மூண்டது. ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தை மறுபடி கூறுபோட்டார்கள். வில்னோ ஸர்வகலாசாலை அவ்வருஷ முடிவிலேயே மூடப்பட்டது. ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட யப்லோன்ஸ்கி, ருஷ்யர் வசம் சிக்கிக் கைதி முகாமில் அடைபட்டார். 1941-ல் ஜெர்மனி ருஷ்யாவின்மேல் பாய்ந்த பிறகு, அங்கிருந்த போலிஷ் கைதிகளைக் கொண்டு ஒரு சைன்யம் திரட்டினார்கள். அதனால்தான் அவருக்கு விடுதலை கிட்டியது. பிற்பாடு ஸ்காத்லாந்து போய்ச் சேர்ந்து, எடின்பரோவில் அகதிகளுக்கென்று நடந்த போலிஷ் வைத்திய கலாசாலையில் பௌதிகம் கற்பித்தார்.

அந்த இடைவெளியில் விடை வந்துவிட்டது, வேறிடத்தில் வந்தது. ருஷ்யாவில் டெரெனின் 1943-லும், கலிபோர்னியாவில் கில்பர்ட் லூயிஸும் அவருடைய இளம் மாணவர் மைக்கேல் காஷாவும் 1944-லும், நடுக்கோட்டின் இரகசியத்தை வெளியிட்டார்கள். சாதாரண நிலையில் ஜோடி எலெக்ட்ரான்கள் இரண்டும் எதிரெதிராகச் சுழல்கின்றன. நடுக்கோட்டில் இரண்டும் ஒரே திக்கில் சுழல்கின்றன. க்வாண்டம் விதி, இந்த நிலையிலிருந்து பழைய நிலைக்கு எளிதில் திரும்ப விடுவதில்லை. ஆகவேதான் தாமதம். மும்மை நிலை என்று இதற்குப் பெயர். காஷாவும் உக்ரேனிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளையே. அவருக்கு அப்போது 23 வயது. அவருடைய மேதையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமல்ல. ஒளிரும் மூலக்கூறுகளின் சாஸ்திரத்தில் பின்னாளில் ஒரு விதியே அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் ஒருவருக்கு ஆராய்ச்சிசாலையும் மகா ஆசிரியரும் அருகில் இருந்தார்கள். மற்றவருக்கு முள்வேலி இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்து, யார் முந்தினார் என்று பேசுவது நியாயமாகாது.

யுத்தம் முடிந்தது. எடின்பரோவிலேயே தங்கிவிட வழி இருந்தது. அகதிகளில் பலர் அப்படித்தான் தங்கினார்கள். வார்ஸாவோ தரைமட்டமாகிக் கிடந்தது. வில்னோ ஸோவியத் எல்லைக்குள் போய்விட்டது. புதிய சர்க்காரும் மாஸ்கோவின் நிழலில் அமைந்தது. திரும்பாதிருக்க எத்தனையோ நல்ல காரணங்கள்! யப்லோன்ஸ்கி 1945-ல் திரும்பினார். 1946-ன் தொடக்கத்தில், கோப்பர்னிக்கஸ் பிறந்த ஊராகிய டோருனில் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். அவ்வூரில் அதற்குமுன் ஸர்வகலாசாலை என்பதே இருந்ததில்லை. 1945-ல்தான், வில்னோவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர்கள் பலரைக்கொண்டு அது தொடங்கப்பட்டது. 48 வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர், ஒளியின் நுட்பங்களை விட்டு, நாற்காலிக்கும் கம்பிக்கும் கண்ணாடிக்கும் அலைந்து திரிந்து ஒரு துறையைக் கட்டவேண்டியதாயிற்று.

இது வீண் செலவு என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். முதல்தர மூளையைக் கணக்கப்பிள்ளை வேலையில் விடுவது தேசத்துக்கே நஷ்டம் என்பது அவர்கள் கட்சி. இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அவர் எடின்பரோவிலோ அமெரிக்காவிலோ இருந்திருந்தால் இன்னும் பத்துக் கட்டுரைகள் எழுதியிருக்கக்கூடும். ஆனால் போலந்தில் யுத்தம் கொன்ற ஆசிரியர்களின் இடத்தில் யார் உட்காருவது? முதல்தர மூளைகளெல்லாம் வெளியே நின்றுகொண்டு இரண்டாம்தர மூளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவைத்தால், அடுத்த தலைமுறைக்கு முதல்தரம் எது என்று காட்டுவது யார்? தவிர, டோருனில் அவருடைய ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை. ஒளிரும் மூலக்கூறு எந்தத் திசையில் எவ்வளவு ஒளிவிடுகிறது என்பதை அளக்க அவர் அங்கே வகுத்த அளவை, இன்று உயிர்நூலாரும் வைத்திய ஆராய்ச்சியாளரும் தினந்தோறும் கையாளுகிறார்கள்.

“இதனால் என்ன பிரயோஜனம்?” என்று கேட்கும் வியாபார புத்திக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் சட்டைப்பையிலுள்ள டெலிபோன் திரையில் பல, கரிமச் சேர்மங்கள் ஒளிவிடுவதால் ஜொலிப்பவை. அவற்றில் மின்சாரம் பாயும்போது உண்டாகும் கிளர்ச்சிகளில் நான்கில் ஒரு பங்குதான் மேல்கோட்டில் சேருகிறது. மற்ற மூன்று பங்கும் நடுக்கோட்டுச் சத்திரத்தில் போய் முடங்குகின்றன. அந்த 75 சதவிகிதத்தை மீட்பதே பெரிய பிரச்னையாயிற்று. 1998-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பிளாட்டினம் கலந்த மூலக்கூறுகளால், நடுக்கோட்டிலிருந்தே நேராக ஒளிவரச் செய்தார்கள். 2012-ல் ஜப்பானில் க்யூஷு ஸர்வகலாசாலையைச் சேர்ந்த அடாச்சி குழுவினர், விலையுயர்ந்த உலோகம் ஏதுமின்றி, சுற்றுப்புற உஷ்ணமே எலெக்ட்ரானை மேல்கோட்டுக்கு ஏற்றிவிடும்படி மூலக்கூறுகளை அமைத்தார்கள். யப்லோன்ஸ்கி சொன்ன இரண்டு வழிகள்தாம் இவை! மேல்கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் இடைவெளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. அந்த இடைவெளியைக் கணக்கிட்டுச் சொல்வது க்வாண்டம் ரஸாயன நிபுணர்களுக்கு இன்று ஒரு முக்கிய வேலை. 1933-ல் ஒரு வியாபாரியிடம் அந்தப் படத்தைக் காட்டியிருந்தால் காலணா கொடுத்திருப்பானா?

யப்லோன்ஸ்கி 1968-ல் ஓய்வு பெற்றார்; 1980-ல் காலமானார். எடின்பரோவின் போலிஷ் வைத்திய கலாசாலை 1949-லேயே மூடப்பட்டுவிட்டது. டோருன் ஸர்வகலாசாலை இன்றும் நடக்கிறது; அதன் பௌதிகத் துறையில் ஒளியை ஆராய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.