பேராசிரியர் நாற்காலி கிடைக்கும்வரை காத்திருப்பதா?

"அறிவியல் தத்துவமா? அதெல்லாம் பிஎச்டி முடிச்சவங்க வேலைப்பா." இலக்கிய நண்பர்களிடம் அடிக்கடி கேட்கும் வசனம். அடக்கம்போலத் தெரியும், உண்மையில் சோம்பலுக்குப் போர்த்திய பொன்னாடை.

கார்ல் பாப்பர் 1934இல் தன் முதல் நூலை வெளியிட்டபோது வியன்னாவில் பள்ளி ஆசிரியர். சார்ல்ஸ் பியர்ஸ் 30 ஆண்டுகள் அமெரிக்கக் கடலோர அளவைத் துறையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பை அளந்தவர். அளவீட்டில் பிழை ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தினசரி அனுபவம். அறிவு எப்போதும் பிழைபடக்கூடியது என்ற அவருடைய தத்துவத்தை அந்த வேலையிலிருந்து என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கல்விக்கூடம் இதை நமக்காகச் செய்யுமா? மலாயாப் பல்கலைக்கழகத்தில் அறிவியல், தொழில்நுட்ப ஆய்வுக்கென்று ஒரு துறையே இருக்கிறது. ஆனால் தமிழில் ஒருவர் பத்து வருடம் உட்கார்ந்து எழுதினால் பதவி உயர்வுக்கு யார் புள்ளி போடப்போகிறார்கள்? வெளியே இருக்கும் நாம் எழுதாவிட்டால் இந்த இடம் காலியாகவும் இருக்காது. 'எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னது' என்கிற வாட்சப் ஃபார்வர்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே உட்கார்ந்தாச்சு.

அதற்காக நாளைக்கே ஆயிரம் பக்க நூலை ஃபேஸ்புக்கில் அறிவிக்காதீர்கள். அறிவிப்பிலேயே முடிந்துபோன புத்தகங்கள் நம்மிடம் நிறைய. ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். என்னுடையது இது: ஒரு கருவி சரியாக அளக்கிறது என்று இன்னொரு கருவியை வைத்துச் சொல்கிறோம், அந்த இன்னொன்றைச் சரி என்று சொன்னது எது? தொழிற்சாலையில் கேலிபிரேஷன் சான்றிதழைத் தொடும் யாருக்கும் இது வரணும். வெப்பமானியை வைத்து இதே கேள்விக்கு ஹசோக் சாங் 2004இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர் கல்வியாளர்தான். கேள்வி யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்படவில்லை.

வாரம் ஐந்து மணி நேரம். பத்து வருடத்தில் 2,600 மணி. மூன்று மாதத்துக்கு ஒரு கட்டுரை என்றால் நாற்பது. முப்பதைக் கிழித்துப் போட்டாலும் மிச்சம் ஒரு புத்தகம்.

வெளியே இருந்து எழுதுவதில் ஆபத்து ஒன்றுதான்: தப்பைச் சுட்டிக்காட்ட ஆள் இருக்காது. ஐன்ஸ்டைன் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு நண்பர்களோடு ஹியூமையும் மாஹையும் வாசித்து விவாதித்தார். மூன்றே பேர். ஒரு கவிதையைக் கிழித்துத் தொங்கவிட நம் வட்டத்தில் முப்பது பேர் வருகிறார்கள். இதற்கு மூன்று பேர் வரமாட்டீர்களா?