குடிக்கத் தெரியும், ருசிக்கத் தெரியுமா?

ஜெகதளா, குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள மலை ஊர். சுற்றிலும் தேயிலை. பொழுது விடிந்ததும் பெண்கள் தோட்டத்தில் இறங்குகிறார்கள். பனி என்றும் மழை என்றும் பார்ப்பதில்லை. இலை பறிக்கிறார்கள்; மூட்டை கட்டி அனுப்புகிறார்கள்.

அந்த இலை தூளாகிறது. ஏலத்துக்குப் போகிறது. அங்கே அதன் தரத்தைச் சொல்வது எது?

தராசு அல்ல, நாக்கு!

உறிஞ்சு, துப்பு!

குன்னூரில் 1963-ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. இப்போது ஏலம் கேட்பது கணினி வழியாக. ஆனால், ருசி பார்ப்பது இன்னும் மனிதர்கள்தான்.

நீண்ட மேஜை. வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். ருசி பார்ப்பவர் ஒரு கரண்டி தேநீரை எடுத்து, "சர்" என்று உறிஞ்சுகிறார். காற்றோடு கலந்து அது வாய் முழுவதும் பரவுகிறது. மணம் மூக்குக்கு ஏறுகிறது. உடனே துப்பி விடுகிறார்! அடுத்த கிண்ணத்துக்குப் போகிறார்.

வீட்டில் இப்படி உறிஞ்சினால் பெரியவர்கள் திட்டுவார்கள். அங்கே அதுதான் தொழில்!

மேல்நாடுகளில் திராட்சை மதுவை இப்படித்தான் ருசி பார்க்கிறார்கள். அதைக் கற்றுக் கொள்ளப் பணம் செலவழிக்கிறார்கள். நம் வீட்டுத் தேநீருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

வீட்டிலே பழகலாம்

இரண்டு வகைத் தேயிலைத் தூள் வாங்குங்கள். கிண்ணத்துக்கு 2 கிராம் தூள். 100 மில்லி கொதிக்கும் தண்ணீர். மூடி வைத்து, 6 நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். பால், சர்க்கரை வேண்டாம். அளவு, நேரம் இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் பாருங்கள். நல்ல தேநீர் செம்பு போல் பளிச்சென்று இருக்கும். பிறகு முகருங்கள். புகை நாற்றமோ, பூசண நாற்றமோ கூடாது. கடைசியில் உறிஞ்சுங்கள். நல்ல தேநீரில் ஒரு விறுவிறுப்பு இருக்கும். மட்டமானது சப்பென்று இருக்கும்.

கறுத்த நிறம்தான் நல்ல தேநீர் என்று நினைப்பவர்கள் பலர். அது தவறு. சாயம் கலந்த தூளும் நிறம் தரும்! வடிகட்டும் தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். தூளைக் கழுவி விட்டுத் தாளைப் பாருங்கள். சாயம் கலந்திருந்தால் தாளில் கறை பிடிக்கும்.

யாருக்கு நஷ்டம்?

இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பறித்தால் ருசி வரும். முற்றிய இலை சேர்ந்தால் ருசி கெடும். சாக்கில் அமுக்கி வைத்தால் இலை சூடேறிக் கெடும். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். இவ்வளவு உழைப்பும் ஒரு கரண்டியில் தீர்ப்பாகிறது.

ஆனால், பறித்தவருக்கு அந்த ருசி தெரியாது. தன் இலை ஏன் கழிந்தது என்றும் தெரியாது. இது நியாயமா?

தொழிற்சாலைகள் மாதம் ஒரு நாளாவது விவசாயிகளை அழைத்துக் கிண்ணங்களை வைக்க வேண்டும். "இது நல்ல இலை, இது முற்றிய இலை" என்று ருசி காட்ட வேண்டும். பெண்களையும் கட்டாயம் அழைக்க வேண்டும். பறிக்கும் கை அவர்களுடையதுதானே!

"கட்டுபடியாகும் விலை கிடைக்காதபோது ருசி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி சரிதான். 2023-ஆம் ஆண்டு நீலகிரியின் சிறு விவசாயிகள் விலை கேட்டு உண்ணாவிரதமே இருந்தார்கள். நல்ல இலைக்கு நல்ல விலை தராமல், தரத்தை மட்டும் கேட்பது நியாயம் ஆகாது. ஆனால், தன் சரக்கின் அருமை தெரிந்தவன்தான் துணிந்து விலை கேட்க முடியும்.

நாளைக் காலை தேநீரை மடமடவென்று குடித்து விடாதீர்கள். ஒரு வாய் நிறுத்தி, ருசித்துப் பாருங்கள். அதில் ஒரு மலையின் உழைப்பு இருக்கிறது!