பழசு என்று பழி போடாதீர்கள்

"பழைய மோட்டாரு சார், அதான் போயிடுச்சு."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போன மாதம் தேங்காய்த்திட்டில் ஒரு மெக்கானிக் இதையே சொன்னார். எதிரில் தலை குனிந்து நின்றவன் எங்கள் தெருப் பையன். என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான். முதல் நாள் விடியற்காலை கடலில் அவன் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, காத்தாடி மட்டும் சுற்றவில்லை. சாயங்காலம் வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வரும் வரை நான்கு பேர் அலையில் கிடந்தார்கள். காற்று மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கியர் பெட்டியின் கீழ்த் திருகை என் கண்ணெதிரேதான் கழற்றினார்கள். வந்தது ஆயில் இல்லை, பால் அதிகமாகப் போட்ட டீ. காத்தாடியைக் கழற்றினால் அதன் தண்டில் தங்கூசி நரம்பு சுற்றிச் சுற்றி இறுகி, ஆயில் சீலை அறுத்து வைத்திருந்தது. அந்த வழியாகத்தான் கடல் உள்ளே போயிருக்கிறது. மோட்டாருக்கு முப்பது வயதுதான். அதைக் கொன்றது வயது இல்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் மெக்கானிக் இல்லை. படகுக் கடன் கோப்புகளைப் புரட்டிய குமாஸ்தா. தவணை ஏன் நின்றது என்ற கட்டத்தில் "இயந்திரம் பழமையானது" என்று என் கையாலேயே பல முறை எழுதியிருக்கிறேன். கியர் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இத்தனைக்கும் எனக்கு அது தெரியாத விஷயம் இல்லை. பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்ற என் மச்சான், பிரிட்டிஷ் சீகல் மோட்டார் ஒன்றை மூட்டை முடிச்சோடு கொண்டு வந்திருந்தார். அதை வைத்து எனக்குப் பாடமே எடுத்திருந்தார். நான்தான் வீட்டுப் பாடத்தை ஆபீசுக்குக் கொண்டு போகவில்லை. அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கிறேன்.

நம் ஊரில் மூன்று தவறான பேச்சுகள் உலவுகின்றன.

முதலாவது, "ஆயில்னா எல்லாம் ஆயில்தான்." இல்லை. பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் எஞ்சினுக்குள் எரிந்து போவதற்கானது. கியர் பெட்டி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மேலிருந்து இறங்கும் தண்டின் சுழற்சியை அங்கே பல்சக்கரங்கள் 90 டிகிரி திருப்பிக் காத்தாடிக்குக் கொடுக்கின்றன. பல்லோடு பல் அழுந்தும் அந்த இடத்தில் மெல்லிய ஆயில் நிற்காது. பழைய யமஹா, சுசுகி மோட்டார்களுக்கு எஸ்.ஏ.இ. 90 ஹைப்பாய்டு கியர் ஆயில். மச்சானின் சீகலுக்கு அதைவிடக் கெட்டியான 140. 1960களில் வந்த ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் மின்சாரத்தால் கியர் மாற்றுகிற ரகங்கள் உண்டு. அவற்றுக்கு மெல்லிய தனி ஆயில், 90 ஊற்றினால் கியர் விழ மறுக்கும். ஆக, கெட்டியாக இருந்தால் நல்லது என்பதும் விதி இல்லை. கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் விதி.

இரண்டாவது, "பழசுன்னா தண்ணி புகத்தான் செய்யும்." சீகலுக்கு இது உண்மை. அதன் கியர் பெட்டியில் கொஞ்சம் தண்ணீர் சேர்வது சகஜம், அதற்காகத்தான் அவ்வளவு கெட்டியான ஆயில். ஆனால் சீகலுக்குச் சொன்னதை யமஹாவுக்குச் சொல்லக் கூடாது. ரப்பர் சீல் வைத்த பெட்டியில் ஆயில் வெளுத்தால், சீலோ திருகின் வாஷரோ போய்விட்டது என்று அர்த்தம். இரண்டும் சில்லறைச் சாமான்கள். பல்சக்கரம் சில்லறைச் சாமான் இல்லை. பழைய மாடலுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மூன்றாவதுதான் மகா மோசம். "ஆயில் குறையவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" எப்படிக் குறையும்? போன ஆயிலின் இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கிறதே!

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஆயில் மாற்றுவதை "விதான்ஜ்" என்பார்கள். காலி செய்வது என்று பொருள். நாமோ "ஆயில் ஊத்து" என்கிறோம். நம் கண் ஊற்றுவதிலேயே இருக்கிறது, காலி செய்வதில் இல்லை.

முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மோட்டாரை ஓர் இரவு நேராக நிறுத்தி வையுங்கள். காலையில் கீழ்த் திருகை லேசாகத் தளர்த்தினால், கலங்காத தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயிலைவிடத் தண்ணீர் கனம். பிறகு மேல்திருகையும் கழற்றி முழுவதும் வடித்துவிடுங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு, நிரம்பாமலே நிரம்பியது போலக் காட்டும். மேல்துளையில் ஆயில் எட்டிப் பார்த்ததும் முதலில் மேல்திருகு, பிறகு கீழ்த் திருகு. இரண்டுக்கும் புது வாஷர். பழைய ஜான்சன், எவின்ரூட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கீழ்த் திருகுக்குப் பக்கத்தில் நட்சத்திரத் தலைத் திருகு ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது உள்ளே கியர் மாற்றும் அமைப்பைப் பிடித்திருப்பது. கழற்றினால் பெட்டியையே பிரிக்க நேரும்.

100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். மழைக்காலத்துக்காக மோட்டாரைக் கழற்றி வைப்பதாக இருந்தால், வைப்பதற்கு முன்னால் மாற்றுங்கள், எடுக்கும்போது அல்ல. இரண்டு மாதம் உப்புத் தண்ணீரில் ஊறிய பேரிங்குக்குப் பிறகு என்ன ஊற்றி என்ன பயன்? மாற்றும் போதெல்லாம் காத்தாடியைக் கழற்றி நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒரு லிட்டர் கியர் ஆயில், ஒரு கிலோ வஞ்சிரம் விலைகூட வராது.

அந்தப் பையனுக்கு இப்போது புதுக் கடன் வேண்டுமாம், மனு எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "பழமை" என்று எழுத இந்த முறை என் கை போகவில்லை. "கியர் ஆயில் மாற்றாததால்" என்று எழுதினேன். "பெரியப்பா, இப்படி எழுதினா கடன் தருவாங்களா?" என்றான். தருகிறார்களோ இல்லையோ, அடுத்த மோட்டாராவது பிழைக்கட்டும்.