சங்கிலி தளர்ந்த அம்பாசிடர்

நமது தெருக்கோடியில் பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று நிற்பதை வைட்ஃபீல்ட் அன்பர்கள் பலர் கண்டிருப்பர். அதற்குரிய பெரியவர் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழில் புரிந்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு அவ்வண்டியை வாங்கினார். பிள்ளைகளின் வேலையை முன்னிட்டு இங்குக் குடிபெயர்ந்த பின்னும் அதனை விட்டாரில்லை.

சென்ற ஆண்டு யந்திரத்தின் முன்புறத்தில் கடகடவென்று ஓசை எழலாயிற்று. வண்டி மேட்டில் திணறியது, விரைவில் சூடேறியது. ஒரு பட்டறையார் யந்திரம் முழுவதையும் பிரிக்க வேண்டுமென்று கூறி, வண்டியின் விலையினும் மிகுந்த தொகை கேட்டனர். பதினைந்தாண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும், அந்நாளும் நெருங்கிற்று. “இரும்புக் கடையில் போட்டுவிடலாம், தம்பி” என்று அவர் கூறிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

நாம் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, யந்திரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்த்தோம். கீழே கிராங்க் தண்டு நகர்ந்தது. மேலே ரோட்டார் சிறிது நேரம் சும்மா இருந்து, பின்னரே நகர்ந்தது. டைமிங் சங்கிலி நீண்டு தளர்ந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்து, உத்தரபாராவில் 2014 வரை உருவான வண்டி அம்பாசிடர். அதன் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் யந்திரத்தில் கிராங்க் இருமுறை சுற்றினால் காம் தண்டு ஒருமுறை சுற்றும். இவ்விரண்டையும் பிணைப்பது சங்கிலி. அது தளர்ந்தால் வால்வுகள் காலந்தாழ்ந்து திறக்கும். டிஸ்டிரிபியூட்டரும் காம் தண்டினாலேயே சுழல்வதால் தீப்பொறியும் காலந்தாழ்ந்தே பிறக்கும். அட்டவணை தவறிய வண்டியின் பின்னே வருவனவெல்லாம் தவறுதல் நாம் நாள்தோறும் காண்பதன்றோ!

சங்கிலியையும் இரு பல்சக்கரங்களையும் ஜே.சி. ரோட்டிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் தேடிப் பெற்றோம். பழைய சக்கரத்தில் புதுச் சங்கிலியைப் பூட்டுதல் வீண்செலவு. ஒரு ஞாயிறன்று பாட்டரியின் கம்பியைக் கழற்றி, நீரை வடித்து, ரேடியேட்டரை இறக்கினோம். கிராங்க் முனையின் பெரிய நட்டுத்தான் அரைநாளை விழுங்கிற்று. டாப் கியரில் நிறுத்தி, பெரியவர் பிரேக்கை மிதித்திருக்க, ஸ்பானரின் பிடியில் நீண்ட குழாயைச் செருகித் திருகிய பின்னரே அது அசைந்தது. மூடியைத் திறந்ததும், இரு சக்கரங்களின் புள்ளிகளும் ஒன்றையொன்று நோக்குமாறு யந்திரத்தைத் திருப்பி நிறுத்தினோம். அதன் பிறகு சங்கிலி கழன்றிருக்கும் வேளையில் எதனையும் சுழற்றலாகாது. சக்கரங்களையும் சங்கிலியையும் ஒருங்கே ஏற்றி, கிராங்கை இரு முழுச் சுற்றுக் கையால் சுழற்றி, புள்ளிகள் மீண்டும் சந்திப்பதைக் கண்ட பின்னரே புதிய ஆயில் சீலுடன் மூடியை அடைத்தோம். புல்லியை ஏற்றி மூடியை நடுவில் நிறுத்திய பின் போல்ட்டுகளை முறுக்குக; இல்லையேல் எண்ணெய் ஒழுகும்.

இனிதான் சோதனை வந்தது. கைப்பிடியைச் சுழற்றியதும் யந்திரம் எதிர்த்து உதைத்தது. நமது மணிக்கட்டு வீங்கிற்று. எம் மனையாள் அன்று கூறியவற்றை இங்கு எழுதுவதற்கில்லை. பெருவிரலைப் பிடியைச் சுற்றி வளையாது மற்ற விரல்களோடு ஒருபுறமாக வைத்திருந்தமையால் விரல் பிழைத்தது. புள்ளி தவறியதோ என்று அன்றிரவு உறங்கினோமில்லை. மறுவாரமே காரணம் விளங்கிற்று. தளர்ந்த சங்கிலியை ஈடுசெய்ய யாரோ முன்னமே டிஸ்டிரிபியூட்டரை முன்னோக்கித் திருப்பி வைத்திருந்தனர். சங்கிலி சரியானதும் அத்திருத்தமே பிழையாகிவிட்டது! அதனை உரிய நிலைக்குத் திருப்பியதும் யந்திரம் அமைதியாக ஓடிற்று.

இதைப் படித்துப் புதிய கார்களில் கைவைக்க வேண்டா. 1983-இல் வெளிவந்த மாருதி 800-இல் சங்கிலிக்குப் பதில் ரப்பர் பெல்ட் இருந்தது. 2010-இல் வந்த ஆல்டோ கே10-இல் சங்கிலி உண்டு. காம் தண்டு தலையில் அமைந்த யந்திரங்கள் பலவற்றில், பல் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அவ்வேலை தேர்ந்த பட்டறைக்கே உரியது.

பதிவு புதுப்பிக்கப்பட்டது. பெரியவர் மனைவியுடன் தங்கவயலுக்குச் சென்று வந்து, வழியில் டைனமோவின் விளக்கு எரிந்ததாகக் கூறுகின்றார். அதனை அடுத்த திங்கள் காண்போம்.