ஆலோசகர் நாற்காலியில் யார்?

ரோஹித் வெமுலா, 2016 ஜனவரி. பாயல் தட்வி, 2019 மே. இப்படி ஒரு சாவு நடந்து போராட்டம் வெடித்தால், கல்வி நிர்வாகங்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "மாணவர்களுக்கு கவுன்சலிங் ஏற்பாடு செய்கிறோம்."

சரி, கவுன்சலிங் கொடுக்கப்போவது யார்?

விடுதியில் சாதி சொல்லி அவமானப்படுத்துகிறார்கள் என்று ஒரு மாணவி வந்து சொல்கிறாள். "அதையெல்லாம் பெருசா எடுத்துக்காதேம்மா, படிப்பில் கவனம் வை" என்று அனுப்பிவிட்டால், குற்றம் செய்தவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். நோயாளி என்ற பெயர் அவளுக்கு. இது சிகிச்சை அல்ல, வன்கொடுமைக்கு வைக்கும் மருத்துவச் சான்றிதழ்.

அந்த நாற்காலிக்குப் போகும் வழிகளைப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. படித்தால் மனநல மருத்துவர். உளவியலில் முதுகலை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் இரண்டாண்டு எம்.ஃபில். படித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ஏற்பது இத்தகைய தகுதியைத்தான். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களுக்கு மனநல சமூகப்பணி எம்.ஃபில். இருக்கிறது. முதுகலையோடு பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனங்களில் ஆலோசகராகச் சேருவோரும் உண்டு.

காகிதத்தில் எல்லாக் கதவும் திறந்தே இருக்கிறது. ஆனால் இளங்கலை 3, முதுகலை 2, எம்.ஃபில். 2 என்று ஏழு ஆண்டுகள் யார் வீட்டில் சோறு போடுவார்கள்? இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் இல்லை. பல இடங்களில் நாம்தான் பணம் கட்ட வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். மாதம் 21 ஆயிரம் சம்பாதிக்கும் குடும்பம்கூட அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

இப்போது பாதையே மாறுகிறது. எம்.ஃபில். ஒழிக்கப்பட்டுவிட்டது; இந்த இரண்டு துறைகளுக்கு மட்டும் 2025-26 சேர்க்கை வரை யுஜிசி அவகாசம் கொடுத்தது. அதன் இடத்துக்கு வரும் புதுப் படிப்புகளில் நம் இடம் எத்தனை? தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு கொண்டுவர அரசியல் சட்டம் 15(5) அனுமதிக்கிறது. ஆனால் ஒன்றிய அரசு 2006இல் போட்ட சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களோடு நின்றுவிட்டது.

உடனே "தரம் குறையும்" என்பார்கள். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரும்பாலான மனநலப் பிரச்சினைகளில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. யாருடைய தரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்? சாதி மனத்துக்குள் குடியிருக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். அதைப் படிக்காமல் மனத்தைப் படித்தேன் என்பவரின் தகுதிதான் கேள்விக்குரியது.

தலித்துக்கு தலித் மட்டுமே ஆலோசகர் என்று நாம் சொல்லவில்லை. நம் கோரிக்கைகள் மூன்று: தனியார் உட்பட எல்லாப் புதுப் படிப்புகளிலும் இடஒதுக்கீடு; பயிற்சிக்காலம் முழுக்க உதவித்தொகை; பாடத்திட்டத்திலும் பயிற்சியிலும் சாதி.

உளவியல் படிக்கும் தோழர்களே, சேருமுன் அந்தப் படிப்புக்கு மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் துறையில் எஸ்சி, எஸ்டி இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரும் பதிலை வைத்து அடுத்த போராட்டத்தைத் தொடங்குவோம்.

ஜெய்பீம்!