பூட்டை உடையாத கள்வர்

முன்னாளில் கள்வன் இரவிலே வந்தான். கூரையைப் பிரித்தான், சுவரிலே கன்னமிட்டான், நாய் குரைத்தால் ஓடி மறைந்தான். இன்றைய கள்வனோ பட்டப்பகலிலே தொலைபேசியில் வருகிறான். "ஐயா, வணக்கம்" என்று மரியாதையுடன் பேச்சைத் தொடங்குகிறான். எந்தப் பூட்டையும் அவன் உடைப்பதில்லை. திறப்பை எம்மிடமே கேட்கிறான். நாமும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

இது பட்டினத்தாருக்கும் படித்தவருக்கும் உரிய தொல்லை, கமக்காரருக்கு இதனால் யாது கேடு என்று எண்ணுவோர் எம்மிடையே உளர். அவ்வெண்ணம் பெருந்தவறாகும். கடனட்டையைக் கண்ணாலும் கண்டிராத கமக்காரரின் பெயரிலும் இன்று வங்கிக் கணக்கு உண்டு. பசளை மானியம் அக்கணக்கிற்கே வருகிறது. அஸ்வெசும உதவிப் பணமும், ஓய்வூதியமும், கடல் கடந்து வாழும் பிள்ளை மாதந்தோறும் அனுப்பும் காசும் அங்கேதான் சேருகின்றன. நெல் விற்ற பணம் பெட்டகத்திலிருந்து வங்கிக்குச் சென்றதுபோல, கள்வனும் வேலியை விட்டுத் தொலைபேசிக்குச் சென்றுவிட்டான்.

அவன் தன் வழியை மாற்றிக்கொண்ட காரணத்தை அறிந்தால், காக்கும் வழி தானே விளங்கும். முன்பு வங்கி அட்டைகளின் பின்புறத்துக் கறுப்புப் பட்டியிலே கணக்கு விபரங்கள் மாறாத வடிவில் பதியப்பட்டிருந்தன. அவற்றைக் களவாகப் பிரதி செய்து போலி அட்டை ஆக்குவது எளிதாயிருந்தது. சில்லுப் பொருத்திய அட்டை வந்த பின்னர், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் புதியதொரு குறியீடு உண்டாவதால் அத்தொழில் கடினமாயிற்று. பின்னர், இணையத்தில் அட்டையைப் பயன்படுத்தும்போது உடையவரின் கைத்தொலைபேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்பும் முறையும் வந்தது. இயந்திரத்தை ஏமாற்றல் அரிதாகவே, கள்வர் மனிதரை ஏமாற்றத் தலைப்பட்டனர். பூட்டுப் பலப்பட்டது, ஆகவே திறப்பு வைத்திருப்பவரைத் தேடி வருகின்றனர்.

அவர்கள் கையாளும் கருவிகள் மூன்றேயாகும். முதலாவது அச்சம்: "உங்கள் கணக்கு முடக்கப்படப் போகிறது." இரண்டாவது ஆசை: "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வந்த பொதி சுங்கத்திலே கிடக்கிறது, சிறு தொகை கட்டினால் எடுக்கலாம்." மூன்றாவது பாசம்: கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினரின் வட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றி, அவர் பெயராலேயே, "அவசரம், உடனே பணம் அனுப்புங்கள்" என்று எழுதுகின்றனர். மூன்றிலும் பொதுவாய் அமைந்தது ஒன்று உண்டு. அதுவே அவசரம். சிந்திக்கவும் பிறரிடம் வினாவவும் எமக்கு நேரம் கிடைத்துவிட்டால் அவர்களின் சூழ்ச்சி பலிக்காது. எனவேதான், "தொலைபேசியை வைக்காதீர்கள், வேறொருவருக்கும் சொல்லாதீர்கள்" என்று வற்புறுத்துகின்றனர்.

நொத்தாரிசின் முன்னிலையில் உறுதியை வாசித்துக் கேளாமல் எம்மவர் கையொப்பமிடுவரா? ஒருபோதும் இடார். அரைப் பரப்புக் காணிக்கும் எல்லை நான்கும் சரிபார்ப்பர். அத்தகையோர், ஆறு இலக்கக் கடவுச்சொல்லை முகமறியாத ஒருவனுக்கு வாசித்துக் காட்டுவது எங்ஙனம்? அவ்வாறு இலக்கங்களே எமது கையொப்பம் என்பதை உணராமையினாலன்றோ? கடவுச்சொல்லைச் சொல்லுதல், தொகை எழுதாத காசோலையில் ஒப்பமிட்டுக் கொடுப்பதற்குச் சமமாகும். இன்னுமொன்றை எமது மக்கள் மனத்திற் பதித்தல் வேண்டும். கணக்கிற்குப் பணம் வந்து சேரக் கணக்கிலக்கமும் பெயரும் வங்கியின் விபரமும் போதும். இரகசிய இலக்கமும், அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்களும், ஒருமுறைக் கடவுச்சொல்லும் பணம் வெளியே செல்வதற்கு உரியன. "பணம் அனுப்புகிறேன், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்" என்பவன் எவனாயினும் கள்வனே.

ஒரு கணம் தயங்கி வினாவுவதன் பெறுமதிக்கு எமது நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுட் புகுந்த கள்வர், நியூயோர்க்கில் அவ்வங்கிக்கு இருந்த பணத்தைப் பல இடங்களுக்கு அனுப்பும்படி போலிக் கட்டளைகள் விடுத்தனர். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்றது. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்கிற்கு அனுப்பப்பட்டது. அக்கட்டளையில் அந்நிறுவனப் பெயரின் ஒரு சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தது. இடையிலிருந்த வங்கி ஐயுற்று விளக்கம் கேட்டது, அக்கொடுப்பனவு தடைப்பட்டது, இலங்கைக்கு வந்த பணம் மீண்டது. எழுத்துப் பிழையொன்றைக் கண்டு ஒருவர் கேட்ட கேள்வி 2 கோடி டொலரைக் காத்ததெனின், எமது சேமிப்பைக் காக்கவும் ஒரு கேள்வி போதாதா?

அடையாள அட்டை பற்றியும் ஒரு சொல். கடைக்கும் கந்தோருக்கும் அதன் நிழற்பிரதியைக் கேட்டவுடன் கொடுப்பது எமக்கு வழக்கமாகிவிட்டது. அதன் இலக்கத்திலே எமது பிறந்த ஆண்டும், அவ்வாண்டில் எத்தனையாவது நாள் பிறந்தோம் என்பதும், ஆணா பெண்ணா என்பதும் அடங்கியுள்ளன. பிறந்த நாளையே இரகசிய இலக்கமாக வைத்திருப்பவர், அடையாள அட்டையைக் கொடுக்குந்தோறும் பெட்டகத் திறப்பையும் சேர்த்துக் கொடுக்கிறார். பிரதி கொடுக்க நேர்ந்தால், இன்ன தேவைக்கு, இன்ன திகதியில் கொடுக்கப்பட்டது என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுத்தல் நன்று.

அழைப்பு வந்தால் செய்யவேண்டியது எளிது. வைத்துவிடுங்கள். அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள வங்கி இலக்கத்திற்கு நீங்களே பேசுங்கள். உறவினர் பணம் கேட்டு எழுதினால் அவரது குரலைக் கேட்டறியாமல் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டோம் என்று ஐயம் எழுந்தாலோ, அந்நிமிடமே வங்கிக்கு அறிவித்து அட்டையையும் கணக்கையும் நிறுத்துவியுங்கள். அறிவித்த நேரத்தையும், பேசிய உத்தியோகத்தரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்திலும் முறையிட்டுப் பிரதியை வைத்திருங்கள். பொலிசிலும் முறைப்பாடு பதியுங்கள். வெட்கத்தினால் குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள். அழித்தால் அழிவது உங்கள் சாட்சியமேயாகும்.

மக்களுக்குப் புத்தி கூறுவதோடு எமது கடமை முடிந்துவிடாது. அரசும் வங்கிகளும் தம் பங்கைச் செய்கின்றனவா என்று கேட்கவும் வேண்டும். கள்வனைத் தண்டிக்க எமது நாட்டிற் சட்டமில்லாமல் இல்லை. கொடுப்பனவுச் சாதன மோசடிகள் பற்றி 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டமும், கணினிக் குற்றங்கள் பற்றி 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. ஆயினும் கள்வன் அகப்பட்டாலன்றோ தண்டனை? அவன் அகப்படாதவிடத்து நட்டம் யாருடையது என்பதே ஏழையின் கேள்வி.

பிற நாடுகள் இதற்கு விடை கண்டுள்ளன. அமெரிக்காவில் ஒருவரது கடனட்டையைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்தினால், உடையவர் தாங்கவேண்டிய நட்டம் சட்டப்படி 50 டொலருக்கு மேற்படாது. இந்திய ரிசேர்வ் வங்கி, இத்தகைய இணைய வங்கி மோசடிகளில் வாடிக்கையாளரே பொறுப்பாளி என நிரூபிக்கும் சுமையை 2017இல் வங்கியின் தலையிலே வைத்தது. ஐக்கிய இராச்சியம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஏமாற்றப்பட்டுத் தாமே கணக்கிலிருந்து பணம் அனுப்பியவருக்கும், அவரது பெருங்கவனயீனம் நிரூபிக்கப்பட்டாலன்றி, 85,000 பவுண் வரை ஈடு செய்யவேண்டுமென 2024 ஒக்ரோபர் 7ஆம் நாள் முதல் விதித்தது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதனைச் சரிபாதியாகச் சுமக்கின்றன. நட்டம் தம்மையும் தாக்கும் என்றறிந்த வங்கி, கள்வருக்குக் கணக்குத் திறந்து கொடுக்குமுன் இருமுறை சிந்திக்குமல்லவா?

இலங்கையிலும் அவ்வாறான பொறுப்பு வங்கிகள்மீது சுமத்தப்படல் வேண்டும் என்று நாம் கோருகிறோம். தனியாள் விபரங்களைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியபோது மகிழ்ந்தோம். அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வர இருந்த 2025 மார்ச் மாத நாள் பிற்போடப்பட்டமையை எவ்வாறு பாராட்டுவது? மேலும், கடவுச்சொல்லைத் தாங்கிவரும் எச்சரிக்கை, அதனைப் பெறுபவர் வாசித்தறியும் மொழியிலே இருத்தல் வேண்டும். ஆங்கிலம் அறியாத தாய்க்கு ஆங்கிலத்தில் அனுப்பும் எச்சரிக்கை, ஊமையன் கூவிய கூவலேயாகும். கள்வன் அவளோடு நல்ல தமிழிலே பேசுகிறான். காவலன் மட்டும் வேற்று மொழியிற் பேசலாமோ?

இறுதியாக, ஏமாந்தவரைப் பார்த்து நகைப்போருக்கு ஒரு வார்த்தை. வைத்தியரும் பொறியியலாளரும், ஏன், சட்டம் படித்தவரும் இவ்வலையில் வீழ்கின்றனர். நகைப்புக்கு அஞ்சி ஒருவர் வாய்மூடினால், அதே கள்வன் அடுத்த வீட்டுக்குத் துணிந்து செல்வான். முன்பு ஒரு வீட்டில் கள்வன் புகுந்தால் கூக்குரல் எழும். ஊரே பொல்லெடுத்து ஓடிவரும். அக்கூக்குரல் மீண்டும் எழவேண்டும். சனசமூக நிலையத்திலும், கமக்காரர் கூட்டத்திலும், கோவில் வீதியிலும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கேட்டவர் விழித்துக்கொள்வார். விழித்திருக்கும் ஊரிலே கள்வனுக்கு அலுவலில்லை.