எழுதியிருக்கிறார், எழுதினார்

சில ஆண்டுகளுக்கு முன் புதுமைப்பித்தனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுத முற்பட்டேன். 'அவர் கவிதைகளும் எழுதியிருக்கிறார்' என்று மனத்தில் ஓடிய வாக்கியம் தாளில் 'ஹி ஹேஸ் ரிட்டன்' என்று விழுந்தது. படித்த நண்பர் அதை அடித்து 'ஹி ரோட்' என்று திருத்தி, ஓரத்தில் 1948 என்று மட்டும் குறித்திருந்தார். புதுமைப்பித்தன் மறைந்த ஆண்டு.

'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' வந்தால் பிரசண்ட் பெர்ஃபெக்ட், 'யெஸ்டர்டே' வந்தால் சிம்பிள் பாஸ்ட் என்று பள்ளியில் படித்தோம். தேர்வுக்கு அது போதும், எழுதுகிறவனுக்குப் போதாது. செயல் எப்போது முடிந்தது என்பதைவிட, அதன் கதவு இன்னும் திறந்திருக்கிறதா என்பதே அங்கு கேள்வி. சாவியைத் தொலைத்தவன் 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை. 'ஐ லாஸ்ட்' என்றால் இப்போது அது அவன் சட்டைப்பையிலேயே இருக்கலாம். எழுத்தாளர் வாழும்வரை 'ஹேஸ் ரிட்டன் டென் நாவல்ஸ்', பதினொன்றாவது வரக்கூடும். அஞ்சலிக் குறிப்பில் அது 'ரோட்' ஆகிவிடுகிறது. ஒரு துணைவினை போனதில் ஒரு மரணம் பதிவாகிவிடுகிறது.

தமிழின் 'இருக்கிறார்' அப்படியல்ல. காலையில் ஈரத் தரையைப் பார்த்து 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். ராத்திரி என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் 'ஹேஸ் ரெயின்ட்' என்று சொல்ல முடியாது. நமக்குத் தடையில்லை, ஏனெனில் இங்கே 'இருப்பது' தடயம். புதுமைப்பித்தன் இல்லை, பக்கம் கண்முன் இருக்கிறது, ஆகவே எழுதியிருக்கிறார். 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்று நம்மவர்கள் சொல்வதை வெறும் அறியாமை என்று நகைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் தமிழின் தர்க்கம் ஒன்று வேலை செய்கிறது. (பிரிட்டிஷார் 'ஹேவ் யூ ஈட்டன்?' என்று கேட்கும் இடத்தில் அமெரிக்கர் 'டிட் யூ ஈட்?' என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களை யாரும் நகைப்பதில்லை.)

ஆனால் மொழிபெயர்ப்பாளனுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு 'இருக்கிறார்' முன்னும் அவன் நின்று பார்க்க வேண்டும். அது ஊகமாக இருந்தால் 'மஸ்ட் ஹேவ்' தேவைப்படலாம். நூலில் உள்ள கருத்தைச் சுட்டினால் 'ரைட்ஸ்' என்ற வெறும் நிகழ்காலமே பொருந்தும். இறந்தவர்க்கும் ஆங்கிலம் அதை அனுமதிக்கிறது. எல்லாவற்றுக்கும் 'ஹேஸ்' போட்டு நகர்வது சோம்பல்.

நண்பரின் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். அடுத்த பத்தியில் அவருடைய கதைகள் 'ஹேவ் பீன் டிரான்ஸ்லேட்டட்' என்று எழுதியிருந்தேன். அதை அவர் தொடவில்லை.